பேஸ்பால் ரசிகர்களும் பந்தெறிவாளர் மதிப்பீடும்

பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு பந்தெறிவாளர் (பிட்சர்) எவ்வளவு திறமையானவர், ஓர் இளம் பந்தெறிவாளரின் எதிர்காலம் எப்படி அமையும், ஓர் அணியின் பந்தெறிதல் உண்மையிலேயே வலுவானதா ஆகியவற்றைக் கணிப்பது பந்தெறிவாளர் மதிப்பீடு எனப்படுகிறது. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இது ரசிகர்களின் அன்றாடப் பேச்சுப்பொருளாக இருந்து வருகிறது. இன்று பயன்பாட்டில் உள்ள மதிப்பீட்டு முறைகளில் முக்கியமான பலவற்றை உருவாக்கியவர்கள் பத்திரிகையாளர்களும், எந்த அணியிலும் வேலை பார்க்காத ரசிகர்களும் ஆவர். ஆட்டத்தின் முடிவில் பந்தெறிவாளருக்கு உரிய பங்கு எது, மற்றவர்களுக்கு உரிய பங்கு எது என்ற ஒரே கேள்வியை அவர்கள் வெவ்வேறு காலங்களில் எழுப்பினர். வீரர்களின் ஊதியமும், அவர்களுடைய விளையாட்டு வாழ்க்கையின் நீளமும் இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்திருக்கின்றன.

ஆட்டத்தில் பந்தெறிவாளரின் இடம்

பேஸ்பால் ஆட்டத்தில் இரு அணிகளும் வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ் ஆடுகின்றன. ஒரு இன்னிங்ஸில் ஓர் அணியின் மூவர் ஆட்டமிழந்தால் மட்டை மற்ற அணியிடம் செல்லும். பந்தெறிவாளர் 60 அடி 6 அங்குல (சுமார் 18.4 மீட்டர்) தொலைவில் உள்ள மண்மேட்டிலிருந்து பந்தை எறிவார். மட்டையாளரை மூன்று ஸ்ட்ரைக்குகளில் வெளியேற்றுவது ஸ்ட்ரைக் அவுட் எனப்படும். எல்லைக்கு வெளியே நான்கு பந்துகள் சென்று, மட்டையாளர் அடிக்காமல் விட்டால் அவர் முதல் தளத்திற்கு நடந்து செல்வார். இது வாக் எனப்படும். மட்டையில் பட்ட பந்து ஃபவுல் கோடுகளுக்கு இடையே, தரையில் படாமல் வெளிவேலியைத் தாண்டிச் சென்றால் அது ஹோம் ரன்.

இவை தவிர, மட்டையில் பட்டுக் களத்திற்குள் விழும் பந்துகள் ஏராளம். அவற்றைப் பிடிப்பதும் தளத்திற்கு எறிவதும் களத்தடுப்பாளர்களின் வேலை. கிரிக்கெட்டில் ரன் அவுட் பந்துவீச்சாளரின் கணக்கில் சேர்வதில்லை. பேஸ்பாலில் அத்தகைய தெளிவான பிரிப்பு இல்லை. சுறுசுறுப்பான தடுப்பாளர் பாய்ந்து பிடித்தால் பந்தெறிவாளருக்கு நல்ல பெயர். மெதுவான தடுப்பாளர் ஒரு அடி தள்ளி நின்று கோட்டை விட்டால் அது பந்தெறிவாளர் கொடுத்த ஹிட் ஆகிவிடும்.

தொடக்ககாலக் கணக்குகள்

பேஸ்பால் புள்ளிவிவரங்களின் முன்னோடி ஹென்றி சாட்விக். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் 1824-ஆம் ஆண்டில் பிறந்த இவர், சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறி, நியூயார்க் வட்டாரப் பத்திரிகைகளில் கிரிக்கெட் செய்திகளை எழுதினார். பின்னர் பேஸ்பாலின் பக்கம் திரும்பி, கிரிக்கெட் ஸ்கோர் அட்டையை ஒத்த ஆட்ட அட்டையைப் பரவலாக்கினார். தடுப்பாளரின் பிழையால் வந்த ஓட்டங்களையும் பந்தெறிவாளர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களையும் பிரிக்கும் எண்ணமும் அக்காலத்திலேயே தோன்றியது.

இந்த எண்ணமே பின்னாளில் ஈட்டிய ஓட்டச் சராசரி (ஈ.ஆர்.ஏ.) ஆனது. பிழையின்றி எதிரணி எடுத்த ஓட்டங்களை ஒன்பதால் பெருக்கி, பந்தெறிந்த இன்னிங்ஸ்களால் வகுத்தால் இது கிடைக்கும். நேஷனல் லீக் 1912-ஆம் ஆண்டிலும் அமெரிக்கன் லீக் 1913-ஆம் ஆண்டிலும் இதை அதிகாரபூர்வமாக ஏற்றன. ஆயினும் பிழை என்பது கைக்கு எட்டிய பந்தைத் தவறவிடுவதை மட்டுமே குறிக்கும். பந்துக்கு அருகிலேயே செல்ல முடியாத தடுப்பாளரின் பெயரில் எந்தப் பிழையும் பதிவாகாது.

வெற்றிக் கணக்கின் குறைகள்

நீண்ட காலம் ரசிகர்களும் விருதுக்கு வாக்களித்த பத்திரிகையாளர்களும் பந்தெறிவாளரின் வெற்றி, தோல்வி எண்ணிக்கையையே முதன்மையாகக் கருதினர. தொடக்கப் பந்தெறிவாளர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் எறிந்து, அவர் விலகும்போது அணி முன்னிலையில் இருந்து, அந்த முன்னிலை இறுதிவரை நீடித்தால் வெற்றி அவர் பெயரில் பதிவாகும். தம் அணியின் மட்டையாளர்கள் ஓட்டம் எடுக்காவிட்டால், எவ்வளவு நன்றாக எறிந்தாலும் அவருக்கு வெற்றி கிடையாது.

இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு நோலன் ரயன். ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்காக 1987-ஆம் ஆண்டில், 40 வயதில் ஆடிய அவர், 2.76 சராசரியுடனும் 270 ஸ்ட்ரைக் அவுட்களுடனும் நேஷனல் லீக்கில் இரண்டிலும் முதலிடம் பெற்றார். அதே ஆண்டில் அவருடைய கணக்கு 8 வெற்றி, 16 தோல்வி. சிறந்த பந்தெறிவாளருக்கான சை யங் விருது அவருக்குக் கிடைக்கவில்லை. 1990-ஆம் ஆண்டில் அமெரிக்கன் லீக் விருது 27 வெற்றிகள் பெற்ற பாப் வெல்ச்சுக்குச் சென்றது. அவருடைய சராசரி 2.95. அதே ஆண்டில் 21 வெற்றிகள் பெற்ற ரோஜர் கிளெமென்ஸின் சராசரி 1.93.

இந்தப் பார்வை படிப்படியாக மாறியது. சியாட்டில் அணியின் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 2010-ஆம் ஆண்டில் 13 வெற்றி, 12 தோல்வியுடன் சை யங் விருதைப் பெற்றார். நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் 2018-ஆம் ஆண்டில் 1.70 சராசரியுடன் எறிந்தும் 10 வெற்றிகளே பெற்றார். விருது அவருக்கே கிடைத்தது. பிட்ஸ்பர்க் அணியின் பால் ஸ்கீன்ஸ் 2025-ஆம் ஆண்டில் 10 வெற்றி, 10 தோல்வி, 1.97 சராசரி என்ற கணக்குடன் ஒருமனதாக அவ்விருதுக்குத் தேர்வானார்.

பில் ஜேம்ஸ்

இந்த மாற்றத்தில் பெரும் பங்கு வகித்தவர் கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த பில் ஜேம்ஸ். 1970-களில் அவர் லாரன்ஸ் நகரில், பன்றி இறைச்சியும் அவரையும் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக வேலை பார்த்தார். வேலை நேரத்தின் அமைதியில் பத்திரிகைகளில் வந்த ஆட்ட அட்டைகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். 1977-ஆம் ஆண்டில் 'பேஸ்பால் ஆப்ஸ்ட்ராக்ட்' என்ற சிறு நூலைத் தாமே வெளியிட்டார். முதல் பதிப்பு நூறு படிகள்கூட விற்கவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் நூலை விடாமல் வெளியிட்டதால் 1980-களில் அது நாடு முழுவதும் விற்பனையாகும் நூலாக வளர்ந்தது. பேஸ்பாலை எண்களின் துணையுடன் ஆராயும் முறைக்கு அவர் 'சேபர்மெட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். 1971-ஆம் ஆண்டில் கூப்பர்ஸ்டவுனில் தொடங்கப்பட்ட அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தின் பெயர்ச்சுருக்கமான 'சேபர்' என்பதிலிருந்து இச்சொல் பிறந்தது.

ஜேம்ஸின் அணுகுமுறை எளிமையானது. ரசிகர்கள் உறுதியாக நம்பும் ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அது உண்மையானால் கணக்கில் என்ன தெரிய வேண்டும் என்று கேட்பார். பிறகு கணக்கைப் பார்ப்பார். அணி நிர்வாகங்கள் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவரைப் பொருட்படுத்தவில்லை. 2002-ஆம் ஆண்டில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி அவரை ஆலோசகராக அமர்த்தியது. 86 ஆண்டுகள் உலகத் தொடரை வெல்லாதிருந்த அந்த அணி 2004-ஆம் ஆண்டில் வென்றது.

தடுப்பு சாராத பந்தெறிதல்

பந்தெறிவாளர் மதிப்பீட்டில் மிகப் பெரிய திருப்பத்தை உண்டாக்கியவர் வோரோஸ் மெக்ராக்கன் என்ற ரசிகர். 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான கட்டுரையில் அவர் ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன் ஆகிய மூன்றையும் ஒருபுறமும், களத்திற்குள் விழும் பந்துகளை மறுபுறமும் பிரித்தார். முதல் மூன்றிலும் தடுப்பாளர்களுக்கு ஏறக்குறைய வேலை இல்லை. அவற்றில் ஒரு பந்தெறிவாளரின் அளவு ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுவதில்லை.

களத்திற்குள் விழும் பந்துகளின் நிலை வேறு. அவற்றில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஹிட் ஆகின்றன. ஒரு பந்தெறிவாளருக்கு இந்த விகிதம் ஓராண்டில் குறைவாக இருந்தால் அடுத்த ஆண்டும் குறைவாக இருக்கும் என்று சொல்ல முடியவில்லை. அக்காலத்தின் தலைசிறந்த பந்தெறிவாளரான பெட்ரோ மார்ட்டினெஸுக்கு இது 1999-ஆம் ஆண்டில் மிகுதியாகவும், 2000-ஆம் ஆண்டில் மிகக் குறைவாகவும் இருந்தது. மட்டையிலிருந்து புறப்பட்ட பந்து ஹிட் ஆவதில் தடுப்பாளர்களுக்கும் தற்செயலுக்கும் உள்ள பங்கு, அதுவரை யாரும் எண்ணியதைவிடப் பெரியது என்பது அவருடைய முடிவு.

பலர் இதை முதலில் நம்பவில்லை. சரிபார்த்தவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டனர். பில் ஜேம்ஸ் இதைத் தாம் பல ஆண்டுகளுக்கு முன்பே உணராமல் போனதற்காக வருந்தி எழுதினார். பாஸ்டன் அணி மெக்ராக்கனையும் ஆலோசகராக்கியது. பிற்கால ஆய்வுகள் இக்கருத்தைச் சற்றுத் திருத்தின. சுழலாமல் மிதந்து வரும் நக்கிள்பால் எறிபவர்களும், பந்தை மட்டையில் சரியாகப் படவிடாத வேறு சிலரும் இந்த விகிதத்தைத் தொடர்ந்து குறைவாக வைத்திருக்கக்கூடியவர்கள் எனத் தெரியவந்தது.

இதன் அடிப்படையில் டாம் டாங்கோ என்ற புனைபெயரில் எழுதும் ஆய்வாளர் ஓர் எளிய வாய்ப்பாட்டை உருவாக்கினார். ஹோம் ரன்களை 13-ஆலும், வாக் மற்றும் உடலில் பட்ட பந்துகளின் கூட்டுத்தொகையை 3-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். அதிலிருந்து ஸ்ட்ரைக் அவுட்களின் இரு மடங்கைக் கழித்து, இன்னிங்ஸ்களால் வகுக்க வேண்டும். கிடைப்பதுடன் அந்தந்த ஆண்டுக்குரிய ஒரு மாறிலியைக் கூட்டினால், ஈட்டிய ஓட்டச் சராசரியைப் போலவே படிக்கத்தக்க எண் கிடைக்கும். மாறிலி பெரும்பாலும் 3.1 அளவில் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பந்தெறிவாளர் 180 இன்னிங்ஸில் 20 ஹோம் ரன், 50 வாக் கொடுத்து, 5 மட்டையாளர்கள் மீது பந்துபட எறிந்து, 190 ஸ்ட்ரைக் அவுட் எடுத்ததாகக் கொள்வோம். 260-உம் 165-உம் கூட்டி 380-ஐக் கழித்தால் 45. அதை 180-ஆல் வகுத்தால் 0.25. மாறிலி 3.10 எனில் விடை 3.35. அவர் பெயரில் 84 ஓட்டங்கள் பதிவாகியிருந்தால் ஈட்டிய ஓட்டச் சராசரி 4.20 ஆகும். பழைய கணக்கை மட்டும் பார்ப்பவர் இவரை அணியிலிருந்து நீக்கச் சொல்வார். புதிய கணக்கையும் பார்ப்பவர் தடுப்பாளர்களைக் கவனிக்கச் சொல்வார்.

அணியின் பந்தெறிதல்

ஓர் அணி குறைவான ஓட்டங்களை விட்டுக்கொடுத்தால் அதன் பந்தெறிதல் வலுவானது என்று சொல்வது வழக்கம். இக்கூற்று எவ்வளவு தவறாகலாம் என்பதற்கு டாம்பா பே ரேஸ் அணியின் 2008-ஆம் ஆண்டு சான்றாகக் காட்டப்படுகிறது. முந்தைய ஆண்டில் அந்த அணி 96 ஆட்டங்களில் தோற்று, 944 ஓட்டங்களை விட்டுக்கொடுத்திருந்தது. 2008-ஆம் ஆண்டில் 97 வெற்றிகளுடன் 671 ஓட்டங்களை மட்டுமே விட்டுக்கொடுத்து, உலகத் தொடர் வரை சென்றது.

பந்தெறிவாளர்களில் மாற்றம் இல்லாமல் இல்லை. மினசோட்டா அணியிலிருந்து மேட் கார்சா வந்தார். ஆனால் அதே பரிமாற்றத்தில் ஷார்ட்ஸ்டாப் இடத்திற்கு ஜேசன் பார்ட்லெட் வந்தார். மூன்றாம் தளத்திற்கு இவான் லொங்கோரியா வர, அங்கிருந்த அகினோரி இவாமுரா இரண்டாம் தளத்திற்கு மாறினார். உட்களத்தின் மூன்று இடங்கள் ஒரே ஆண்டில் மாறின. களத்தில் விழும் பந்துகளை ஆட்டமிழப்பாக மாற்றும் விகிதத்தில் 2007-ஆம் ஆண்டில் கடைசி இடத்தில் இருந்த அணி அடுத்த ஆண்டில் முதலிடத்திற்கு வந்தது. முந்தைய ஆண்டு திட்டு வாங்கிய பந்தெறிவாளர்களில் சிலரே அடுத்த ஆண்டு பாராட்டும் வாங்கினர்.

மைதானமும் கணக்கை மாற்றும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் நகரில் காற்றின் அடர்த்தி குறைவு. அங்கே அடித்த பந்து தொலைவாகச் செல்லும். எறிந்த பந்து குறைவாக வளையும். கொலராடோ ராக்கீஸ் பந்தெறிவாளர்களின் சராசரியை மற்ற அணியினரின் சராசரியுடன் நேரடியாக ஒப்பிடுவது பொருந்தாது. அங்கு 2002-ஆம் ஆண்டு முதல் பந்துகள் ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் வைக்கப்படுகின்றன.

இளம் பந்தெறிவாளர்கள்

பெரும்பாலான இளம் வீரர்கள் பெரிய லீக்கிற்கு வருமுன் சிறு லீக்குகளின் பல படிகளைக் கடக்கின்றனர். அமெரிக்கப் பள்ளி, கல்லூரி வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் நடைபெறும் தேர்வில் சுற்று முறையில் எடுத்துக்கொள்கின்றன. திறன் தேடுநர்கள் ஒவ்வொரு திறனுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுகின்றனர்; 50 என்பது பெரிய லீக்கின் சராசரி. இந்த இளைஞர்களைப் பற்றிய பட்டியல்களும் கணிப்புகளும் ரசிகர்களிடையே தனி ஆர்வமாகவே வளர்ந்துள்ளன.

பந்தெறிவாளர்களைப் பொறுத்தவரை இக்கணிப்பு மிகவும் கடினம். 'நம்பத்தக்க இளம் பந்தெறிவாளர் என்று ஒருவர் இல்லவே இல்லை' என்ற பொருள்படும் சொலவடை ஒன்று ஆய்வாளர்களிடையே வழங்குகிறது. நியூயார்க் யாங்கீஸ் அணி 1991-ஆம் ஆண்டில் முதல் தேர்வாக எடுத்த பிரியன் டெய்லர், தோளில் காயமடைந்து பெரிய லீக்கில் ஒரு பந்துகூட எறியாமல் ஓய்வு பெற்றார். 1998-ஆம் ஆண்டில் 38-ஆவது சுற்றில் தேர்வான மார்க் பியூர்லே மிதமான வேகத்திலேயே எறிந்து 214 வெற்றிகள் பெற்றார். தொடர்ந்து 14 ஆண்டுகள் ஆண்டுக்கு 200 இன்னிங்ஸுக்குக் குறையாமல் எறிந்தார்.

இன்றைய வெற்றிக்காக நாளைய வீரரை விட்டுக்கொடுப்பது சரியா என்பது ரசிகர்களின் தீராத விவாதம். 1987-ஆம் ஆண்டு ஆகஸ்டில் டெட்ராய்ட் அணி, 22-ஆவது சுற்றில் தேர்வு செய்திருந்த ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டா அணிக்குக் கொடுத்து, அனுபவமிக்க டாயல் அலெக்சாண்டரைப் பெற்றது. அலெக்சாண்டர் அப்பருவத்தின் எஞ்சிய பகுதியில் தோல்வியே இல்லாமல் 9 வெற்றிகள் பெற்றார். டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. 1989-ஆம் ஆண்டுடன் அவர் ஆட்டம் முடிந்தது. ஸ்மோல்ட்ஸ் 213 வெற்றிகள் பெற்று, 2015-ஆம் ஆண்டில் புகழரங்கில் இடம்பெற்றார். டெட்ராய்ட் தனக்கு அப்போது வேண்டியதைப் பெற்றது. கொடுத்த விலை பிறகே தெரிந்தது.

ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கின் வாழ்க்கை, இளம் பந்தெறிவாளர் மீதான எதிர்பார்ப்பு, அச்சம் இரண்டையும் காட்டுகிறது. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி 2009-ஆம் ஆண்டில் அவரை முதல் தேர்வாக எடுத்து, 1.51 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. 2010 ஜூன் 8 அன்று தம் முதல் ஆட்டத்திலேயே 14 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். மூன்று மாதங்களுக்குள் முழங்கைத் தசைநார் அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானார். 2012-ஆம் ஆண்டில் நேஷனல்ஸ் அணி 98 வெற்றிகளுடன் இறுதிக்கட்டப் போட்டிகளுக்குச் சென்றபோதும், அவருடைய கையைக் காக்க வேண்டி 159⅓ இன்னிங்ஸுடன் அவரை நிறுத்திவைத்தது. அணி முதல் தொடரிலேயே தோற்றது. இம்முடிவு சரியா தவறா என்று ரசிகர்கள் பல ஆண்டுகள் வாதிட்டனர்.

2019-ஆம் ஆண்டில் நேஷனல்ஸ் உலகத் தொடரை வென்றபோது ஸ்ட்ராஸ்பர்க் அத்தொடரின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானார். அதையொட்டி ஏழு ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். அதன் பிறகு காயங்களால் எட்டு ஆட்டங்களில் மட்டுமே ஆடி, 2024-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். 2012-ஆம் ஆண்டு முடிவை ஆதரித்தவர்கள் 2019-ஐக் காட்டுகின்றனர்; எதிர்த்தவர்கள் அதற்குப் பின் நடந்ததைக் காட்டுகின்றனர்.

கண்ணும் கணக்கும்

கணக்கு முறைகள் அணி நிர்வாகங்களுக்குள் நுழைந்தபின் விவாதத்தின் திசை மாறியது. ஒரு பந்தெறிவாளரை ஒரே ஆட்டத்தில் மூன்றாம் முறை சந்திக்கும் மட்டையாளர்கள், பொதுவாக முன்னைவிட நன்றாக அடிக்கின்றனர். இதனால் தொடக்கப் பந்தெறிவாளரை விரைவில் மாற்றுவது பரவலாயிற்று.

2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே அணியின் பிளேக் ஸ்னெல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராக 73 பந்துகளில் 9 ஸ்ட்ரைக் அவுட் எடுத்து, 2 ஹிட் மட்டுமே கொடுத்திருந்தார். அணி 1-0 என முன்னிலையில் இருந்தது. எதிரணியின் முதல் மூன்று மட்டையாளர்களும் அவரிடம் தலா இருமுறை ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருந்தனர். அவர்கள் மூன்றாம் முறை வரவிருந்த ஆறாவது இன்னிங்ஸில் மேலாளர் கெவின் கேஷ் ஸ்னெல்லை மாற்றினார். அந்த இன்னிங்ஸிலேயே முன்னிலை பறிபோனது. டாட்ஜர்ஸ் 3-1 என வென்று கோப்பையையும் வென்றது.

பொதுவான போக்கு அன்றைய தினத்தின் குறிப்பிட்ட மனிதருக்கும் பொருந்துமா என்பதே இங்கு எழுந்த கேள்வி. கணக்கை நம்பாதவர்கள் மட்டுமல்லாமல், கணக்கை நன்கு அறிந்த ரசிகர்களும் அம்முடிவைக் குறைகூறினர். ஸ்னெல் தொடர்ந்து எறிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எந்தக் கணக்காலும் காட்ட முடியாது.

இன்றைய நிலை

2015-ஆம் ஆண்டு முதல் பெரிய லீக்கின் 30 மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் என்ற கருவி அமைப்பு இயங்குகிறது. பந்தின் வேகம், சுழற்சி, மட்டையிலிருந்து புறப்படும் வேகம், கோணம் ஆகியவற்றை அது அளக்கிறது. மெக்ராக்கன் ஆட்டப் புள்ளிவிவரங்களிலிருந்து ஊகித்ததை இன்று பந்து பந்தாகப் பார்க்க முடிகிறது. இத்தரவுகளில் பெரும்பகுதி ரசிகர்களுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

அளக்க முடிந்ததையே வீரர்கள் வளர்த்துக்கொள்வதன் விளைவும் தெரிகிறது. நேர்வேகப் பந்தின் சராசரி வேகம் 2008-ஆம் ஆண்டில் மணிக்குச் சுமார் 91 மைலாக இருந்து, 2024-ஆம் ஆண்டில் 94 மைலாக உயர்ந்துள்ளது. பெரிய லீக் நிர்வாகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை, கூடுதல் வேகத்தையும் சுழற்சியையும் நாடி முழுவலிமையுடன் எறிவதைப் பந்தெறிவாளர் காயங்கள் பெருகியதற்கான முக்கியக் காரணமாகக் குறிப்பிடுகிறது. ஒரு பந்தெறிவாளர் எவ்வளவு நன்றாக எறிகிறார் என்பதற்கு இன்று நுட்பமான அளவுகோல்கள் உள்ளன. அவருடைய கை எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதற்கு நம்பகமான அளவுகோல் எதுவும் இதுவரை உருவாகவில்லை.